வண்டி வருகிற சத்தம்

அந்தத் தெருவில் அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர். சொந்தப் பல்லைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. அதில் பாதிதான் மிச்சம். பல்செட் செய்கிற ஒரு லேபுக்கு அவர் டிரைவர். காலையில் பல் டாக்டர்களிடம் போய், நோயாளிகளின் வாயில் அழுத்தி எடுத்த அச்சுகளை வாங்கி வந்து லேபில் சேர்ப்பார். பிற்பகலில், செய்து முடித்த பல்செட்டுகளை டப்பா டப்பாவாக அடுக்கிக்கொண்டு போய் அதே டாக்டர்களிடம் கொடுப்பார். "இந்த ஊர்ல பாதிப் பேரோட சிரிப்பு என் பின் சீட்டுல வந்ததுதான்" என்பார். எத்தனை தடவை சொன்னாலும் முதலில் சிரிக்கிற ஆள் அவராகத்தான் இருக்கும்.

வண்டி அவருடைய சொந்த வண்டி. பல கை மாறி அவரிடம் வந்து சேர்ந்தது. கிலோமீட்டர் காட்டுகிற மீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டியதும் போதுமடா சாமி என்று நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஓடியதெல்லாம் கணக்கில் வராத உழைப்பு. முன்விளக்குகள் மஞ்சள் காமாலை வந்த கண்ணாக இருந்தன. இடப்பக்கக் கண்ணாடியை ஏற்ற வேண்டுமானால் ஒருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், இன்னொருவர் கண்ணாடியை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துத் தூக்க வேண்டும். ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடுகிற வண்டி என்று ஒரு கேலி உண்டே, அது இந்த வண்டியைப் பார்த்துத்தான் பிறந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு நாள்கூட வழியில் நின்று அவர் மானத்தை வாங்கியதில்லை. அதனால் அவரும் அதை ஒன்றும் சொல்வதில்லை.

அவருடைய மனைவி ஒரு மழலையர் பள்ளியில் ஆயாவாக இருந்தவள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். பள்ளி விடுகிற நேரத்தில், வண்டிகள் மூலை திரும்புவதற்கு முன்பே எது யாருடையது என்று சொல்லிவிடுவாள். அப்பாக்களின் பெயர் தெரியாது, வண்டியின் குரல் தெரியும். "மூக்கடைச்சவன் வர்றான், நீ ஷூ மாட்டு." "உங்க வீட்டுக் குறட்டை வந்தாச்சு, பையை எடு." கேட்டில் வண்டி வந்து நிற்கும்போது அந்தந்தக் குழந்தை ஷூ மாட்டி, மூக்குத் துடைத்து, தயாராக நிற்கும். பெற்றோர்களுக்கு இது அதிசயம். அவளுக்கு இது வேலை.

மறதி அந்த ஷூவில்தான் ஆரம்பித்தது. ஒரு குழந்தையின் ஷூவை இன்னொரு குழந்தைக்கு மாட்டினாள். எல்லோருக்கும் வருவதுதானே என்று விட்டார்கள். பிறகு ஒரு நாள் ஒரு பெண் குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், வேறு யாருடைய அப்பாவிடமோ கொடுக்கப் போனாள். அந்த மனிதர் நல்லவர். "ஆயாம்மா, இது என் பொண்ணு இல்லையே" என்று மெதுவாகச் சொன்னார். அதோடு அவளை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாலை எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து அதைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்து, "யாரோ மறந்து வெச்சுட்டுப் போயிட்டாங்க, நாளைக்குக் கொடுத்துடணும்" என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. மகளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தாள். மகள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுக் கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். கட்டிக்கொடுத்த வீட்டில் ஒத்துவராமல் திரும்பி வந்தவள். அந்தக் கதை இங்கே வேண்டாம். "டீச்சர், மணி அடிக்கலையா?" என்று அம்மா கேட்டால், "இன்னும் நேரம் இருக்கு ஆயாம்மா" என்று நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே பதில் சொல்வாள். அழுவதற்கு ஒதுக்க அவளுக்கு நேரம் கிடையாது.

காலையில் கணவரையும் அடையாளம் தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கிற ஆளைப் பார்த்து, "யாருங்க நீங்க?" என்பாள். "வாடகைக்கு வந்திருக்கேன்மா, இப்பக் கிளம்பிடுவேன்" என்று அவர் எழுந்து போய்விடுவார். வெளியே வந்து பல் தேய்க்கும்போது கண்ணில் தண்ணீர் நின்றால் அது பேஸ்டின் காரம் என்று வைத்துக்கொள்வார்.

ஆனால் சாயங்காலம் வேறு. சாயங்காலம் அவர் கதவைத் திறக்கும்போது, வீட்டுக்குள் போடுகிற அவருடைய ரப்பர் செருப்பு வாசலில் ஜோடியாக, அவர் கால் வைக்க வசதியாக, உள்ளே பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். அதற்குப் பக்கத்தில் அவள் நிற்பாள். "வந்துட்டீங்களா?" என்பாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் அது மிகை இல்லை. நாள் முழுக்க யார் யாருடைய வாயையோ சுமந்து திரிந்துவிட்டு, இந்த வாயிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்பதற்காக வீட்டுக்கு வருவார். இந்த வியாதிக்காரர்களுக்குச் சாயங்காலமானால் குழப்பம் அதிகமாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "என் வீட்டுக்காரி உங்க புஸ்தகத்துக்கு அடங்க மாட்டா டாக்டர். சாயங்காலமானா என் மூஞ்சி அவளுக்குப் பளிச்சுனு தெரியும்" என்று இவர் மார் தட்டிவிட்டு வந்தார்.

தொல்லை ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில்தான். வண்டிக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தி எஞ்சினைப் போட்டதும் அவளுக்கு நடுக்கம் வந்துவிடும். காலடியில் தகரம் அதிரும், கதவு ஆடும், எஞ்சின் குலுக்குவதில் கண்ணாடி நடுங்கும். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "இறக்கி விடுங்க, இறக்கி விடுங்க" என்று கதறுவாள். கடைசித் தடவை ஓடுகிற வண்டியில் கதவைத் திறக்கப் பார்த்தாள். மகள் இடுப்பைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் சக்கரத்தடியில் போயிருப்பாள். வாடகை வண்டி பிடிக்கலாம் என்றால், போக வர ஆகிற காசுக்கு வழியில்லை. வேறு வண்டி வாங்கலாம் என்றால், சம்பளம் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கிற வீடு. அதனால் பல்லுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். இருக்கிற கிழத்தையே குமரி ஆக்கிவிடுவது.

மெக்கானிக்கின் ஷெட் தகரக் கூரையும் எண்ணெய் குடித்த மண் தரையுமாக இருக்கும். ஆள் வயதில் இவருக்குச் சிறியவன். பேச்சில் சிறியவன் இல்லை. வண்டியில் எங்கேயாவது ஒரு 'கட கட' கேட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. இத்தனை வருஷமாக இந்த வண்டி தன் ஷெட்டைத் தாண்டிப் போவதையே தனக்கு நேர்ந்த அவமானமாக நினைத்துக்கொண்டிருந்தவன்.

"இப்பவாவது புத்தி வந்துச்சே அண்ணா" என்றான். பானெட்டைத் தூக்கி எஞ்சினைப் போட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டான். "எஞ்சின் நல்லாதான் இருக்கு. அதைத் தாங்கற ரப்பர் செத்துப் போச்சு, அதான் இந்த ஆட்டம். பெல்ட்டு கீச்சுங்குது. சைலன்சர்ல ஓட்டை. கதவு கீல் தேஞ்சு போய் ஒரு தடவைல மூட மாட்டேங்குது. சாவியைத் திருப்பினாலும் உடனே நிக்காம இருமிட்டு நிக்குது. இதையெல்லாம் வெச்சுக்கிட்டு எப்படி அண்ணா ஓட்டினீங்க?"

"பழகிடுச்சு தம்பி. இதெல்லாம் என் காதுல விழறதே இல்ல."

"காதுல விழாதது உங்களுக்கு. எங்களுக்கு விழுதே."

எதைப் பழசாக வாங்கலாம், எதைப் புதுசாக வாங்க வேண்டும் என்று அவன் கறாராகச் சொன்னான். இரும்பு பழசு வாங்கலாம், ரப்பர் பழசு வாங்கக் கூடாது. அதுதான் அவனுடைய வேதம். பல்லுக்காரர் லேபில் லீவு சொல்லிவிட்டு, அடிபட்ட வண்டிகளைப் பிரித்து விற்கிற யார்டுக்குப் போனார். தன் வண்டியின் ஜாதியிலேயே முன்பக்கம் நசுங்கிய ஒன்று அங்கே கிடந்தது. அதன் வயிற்றில் புகுந்து கதவுக் கீலையும் பின் ஷாக் அப்சார்பரையும் கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடியையும் தானே கழற்றி எடுத்து வந்தார். எஞ்சின் ரப்பரும் பெல்ட்டும் புதுசு. சைலன்சர் புதுசு போடக் கட்டுப்படியாகாது என்று, யார்டில் கிடைத்த முழுசான ஒன்றை மாட்டினார்கள். கழற்றிய பழைய சைலன்சரை அன்றைக்கே எடைக்குப் போட்டாயிற்று. கையில் எடுக்கும்போதே பொடிப் பொடியாக உதிர்ந்தது அது.

மற்றதெல்லாம் வீட்டு உழைப்பு. தைத்து மிஞ்சிய திரைச்சீலைத் துணியில் மகள் சீட்டுக்கு உறை தைத்தாள். முன்சீட்டில் பூ, பின்சீட்டில் கோடு. அடித்தரைக் கம்பளத்தை உரித்துப் போட்டுத் தேய்த்தபோது, காணாமல் போனதாக ஒரு டாக்டர் குதித்த ஒற்றைக் கடைவாய்ப் பல் கிடைத்தது. முன்விளக்குக்கு அவர் தன் தொழிலையே பிரயோகித்தார். பல்செட்டைப் பளபளப்பாக்குகிற கல்மாவை லேபிலிருந்து ஒரு பொட்டலம் கேட்டு வாங்கி வந்து, ஈரத்துணியில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தார். மஞ்சள் போய்க் கண்ணாடி தெளிந்தது. "வண்டிக்கும் பல் கட்டிட்டீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். "அது சிரிக்கட்டும் சார், அது சிரிச்சா நாங்க எல்லாரும் சிரிப்போம்" என்றார் இவர். வெகு நாளைக்குப் பிறகு அவர் சந்தோஷமாக இருந்தார். அவளை அதில் உட்கார வைத்து, ஒரு நடுக்கம் இல்லாமல், ஜன்னல் காற்று முகத்தில் பட ஓட்டிக்கொண்டு போவதைத் தேய்க்கிற நேரமெல்லாம் நினைத்துக்கொண்டார்.

ஷெட் வேலையைக் கடைசிக்கு வைத்து ஒரே பகலில் முடித்தார்கள்; அன்று சாயங்காலம் வண்டியை ஷெட்டிலிருந்து எடுத்தார். எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று சந்தேகம் வந்து இரண்டு தடவை காலால் அழுத்திப் பார்த்தார். மெக்கானிக் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவன் முகம். வண்டி தெருமுனையில் சத்தமில்லாமல் திரும்பியது. வீட்டு முன்னால் நிறுத்திச் சாவியைத் திருப்பினார், சட்டென்று நின்றது. கதவைச் சாத்தினார், ஒரே தடவையில் மூடிக்கொண்டது.

வீட்டுக் கதவைத் திறந்தார். வாசலில் செருப்பு இல்லை. அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பினாள்.

"யாருங்க வேணும்?"

"நான்தான்."

"அவர் இன்னும் வரலைங்க. வந்ததும் சொல்றேன்."

சமையலறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, எப்ப வந்தீங்க? சத்தமே கேக்கல."

"பார்த்தியா, வேலை அப்படி" என்று அவர் பெருமையோடு சொன்னார். பாவி மனுஷர், அந்த நேரத்தில் அப்படித்தான் சொன்னார்.

ஒரு நாள் இப்படித்தான் இருக்கும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தார். நாளைக்கும் சரியாகவில்லை, அதற்கு அடுத்த நாளும் இல்லை. சாயங்காலமானால் அவள் ஜன்னலில் உட்கார்ந்து தெருவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு நாளும் அவர் வீட்டுக்குள் வந்துதான் இருந்தார். அவளுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பழைய சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். அவள் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், "நல்ல ஜோடி" என்றாள். தட்டு வைத்தால் தொடமாட்டாள். "அவர் வராம நான் எப்படிங்க சாப்பிடறது?" என்று அவரிடமே கேட்டாள். செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். எலும்பு துருத்துகிற அளவுக்கு இளைத்தாள்.

வியாதி முற்றிவிட்டது, இனி இவ்வளவுதான் என்று அவர் முடிவு கட்டினார். அந்த ஒரு வார்த்தையும் போய்விட்டது என்று ஒரு நாள் லேபில், பல் அச்சுகள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில் நின்று அழுதார். ஊர் வாய்களெல்லாம் திறந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வந்தது. மகள் கடைக்குத் திரைச்சீலை கொடுக்க வேண்டியிருந்ததால் இவர் மட்டும்தான் அழைத்துப் போனார். இழுபறி இருக்கும் என்று பயந்தார். ஒன்றும் இல்லை. பூப்போட்ட சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. நடுக்கம் இல்லை, காதைப் பொத்தவில்லை. அவர் கனவு கண்டது போலவே காற்று அவள் முன்மயிரைக் கலைத்தது.

"நல்லா ஓட்டறீங்க ஐயா" என்றாள்.

"சரிங்க" என்றார்.

"எங்க வீட்டுக்காரரும் டிரைவர்தான். பல்லு கொண்டுபோறார்." பூப்போட்ட சீட்டை மறுபடி தடவினாள். "அவர் வண்டி இந்த மாதிரி சொகுசு இல்ல. பழசு. ஆனா அது முனை திரும்பறப்பவே எனக்குத் தெரிஞ்சுடும். முதல்ல ஒரு கீச்சு. அப்புறம் பொட பொடன்னு வரும். நின்னதும் ரெண்டு இருமல் இருமும். கதவு ரெண்டு தடவை. நான் அதுக்குள்ள செருப்பை எடுத்து வெச்சுடுவேன்."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"என்ன ஐயா, ஏதாவது கோளாறா?"

"ஆமாம்மா" என்றார். "கோளாறுதான்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவருக்குத் தன் வண்டி வருகிற சத்தம் தெரியாது. எப்படித் தெரியும்? இத்தனை வருஷமும் அது வரும்போதெல்லாம் அவர் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே இருக்கிறவனுக்கு அது காலடி அதிர்ச்சி, கையில் குலுக்கல். ஜன்னலில் காத்திருந்தவளுக்கு அது புருஷன். அவள் நன்மைக்கு என்று நினைத்து, தன் கையாலேயே அந்தப் புருஷனைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானால்கூடச் சிரித்துவிட்டுப் போகலாம். இதற்கு என்ன செய்வது?

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாக, மறுநாளே மெக்கானிக்கிடம் போய் நின்றார். "தம்பி, நீ செஞ்சதையெல்லாம் கெடுத்துக் கொடு" என்றார். மெக்கானிக் முதலில் சிரித்தான். பிறகு கோபப்பட்டான். "கெடுக்கற வேலை எனக்குத் தெரியாது அண்ணா, வேற ஷெட்டுல கேளுங்க" என்று திரும்பிக்கொண்டான். பல்லுக்காரர் அப்படியே டயர் மேல் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். கேட்டு முடித்ததும் மெக்கானிக் வெகுநேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அந்தச் சத்தம் எப்படி இருக்கும்னு சொல்லுங்க, பார்க்கலாம்" என்றான்.

"அதான் எனக்குத் தெரியாதே."

தெரிந்தவள் மகள்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், மெக்கானிக் பெட்டியோடு தெருவுக்கே வந்துவிட்டான். பெல்ட்டைத் தளர்த்தினான். தேய்ந்த கீலை மறுபடி மாட்டினான். எஞ்சின் இருமி நிற்பதற்காகக் காற்றையும் பெட்ரோலையும் மாற்றி வைத்தான். சைலன்சரில் ஒரு ஓட்டை போட்டு, அதன்மேல் ஆடுகிற மாதிரி ஒரு தகரத்தை வைத்தான். அதோடு ஒரு கொக்கியும் பொருத்தினான். "ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கொக்கியை மாட்டுங்க, தகரம் இறுகிக்கும், சத்தம் வராது. வீட்டுக்கு வர்றப்ப முனைல நிறுத்திக் கழட்டி விட்டுட்டு வாங்க." கெடுக்கிற வேலையைக்கூட அவனால் அரைகுறையாகச் செய்ய முடியவில்லை.

பிறகு அவன் வண்டியை முனைக்குக் கொண்டுபோய்த் திருப்பி ஓட்டி வந்தான். மகள் கேட்டருகே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"கீச்சு சரி. பொட பொட ரொம்ப மெலிசா இருக்கு."

மறுபடி போனான், மறுபடி வந்தான்.

"இப்ப கனமாயிடுச்சு. இருமல் ஒண்ணு அதிகம்."

எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். "காசு கொடுத்து ரிப்பேர் பண்றவங்களைப் பார்த்திருக்கேன். ரிப்பேரைக் காசு கொடுத்துக் கெடுக்கறதை இன்னைக்குத்தான் பார்க்கறேன்" என்றார். மகள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் உள்ளே போய்விட்டார்.

வெயில் சாய்ந்தது. ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட வந்தது, ஆனால் வரவில்லை. பல்லுக்காரர், மனைவி எழுந்துவிட்டாளா என்று பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்து வரலாம் என்று உள்ளே போனார். அவள் எழுந்திருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்து, தெரியாதவருக்குச் செய்கிற மரியாதையோடு லேசாகத் தலை அசைத்தாள். அவர் சமையலறை வாசலில் தம்ளரோடு நின்றார்.

அப்போது முனையில் ஒரு கீச்சு கேட்டது. பின்னாலேயே பொட பொடவென்று அது தெருவில் ஏறி வந்தது. கிழட்டுத்தனமாக, அலுத்துக்கொண்டு, ஆனாலும் வருவேன் என்று வருகிற சத்தம். ஆயுளில் முதல் தடவையாகத் தன் வண்டி வீட்டுக்கு வருவதை அவர் கேட்டார்.

அதைவிட, அவள் முகத்தைப் பார்த்தார். இதுவரை அவர் கதவைத் திறந்த பிறகு பார்த்த முகம் வேறு. கதவு திறப்பதற்கு முன்னால் இருக்கிற முகம் இது. இதை அவர் பார்த்ததே இல்லை. நெற்றிச் சுருக்கம் விட்டுப்போயிற்று. கை தானாகப் போய்க் கலைந்த முடியை ஒதுக்கியது. புடவையைச் சரிசெய்துகொண்டு, கல்யாணமான புதிதில் எழுந்ததைப் போல, அவ்வளவு சீக்கிரமாக எழுந்தாள். வண்டி நின்று இரண்டு இருமல் இருமியது. அவள் செருப்பை எடுத்து வாசலில் ஜோடியாக வைத்தாள், குனிந்து உள்ளே பார்த்துத் திருப்பினாள். கதவு ஒரு தடவை. இன்னொரு தடவை.

இவ்வளவு ஆசையாகவா ஒவ்வொரு நாளும் எனக்காகக் காத்திருந்தாள் என்று அவர் நினைத்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தான், பின்னால் மகளும் வந்தாள். "இப்ப சரியா அண்ணா?" என்று கேட்க வாயைத் திறந்தான்.

"வந்துட்டீங்களா?" என்றாள் அவள், அவனிடம்.

அவன் கால் அங்கேயே நின்றுவிட்டது. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அதே கண், அதே சிரிப்பு, அதே வார்த்தை. ஒன்றும் குறைவில்லை. "ஏன் இத்தனை நாள் வரல? எவ்வளவு நேரம் பார்த்துக்கிட்டே இருக்கறது?" என்றாள். "செருப்பைப் போட்டுக்குங்க, தரை சில்லுனு இருக்கு."

மெக்கானிக் பரிதாபமாகப் பல்லுக்காரரைப் பார்த்தான். பல்லுக்காரர் போட்டுக்கொள் என்று தலை அசைத்தார். அவன் தனக்குப் பொருந்தாத அந்தச் செருப்புக்குள் காலை நுழைத்தான். குதிகால் வெளியே நின்றது. அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு முழுசாக விளங்கியது. சாயங்காலத்தில் அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது அவர் முகம் இல்லை. முகம் போய் எவ்வளவோ நாளாயிற்று. அந்தச் சத்தத்தோடு யார் வந்திருந்தாலும் அவர்தான் புருஷன். இத்தனை நாளும் தினமும் அவரே வந்துகொண்டிருந்ததால் அது அவருக்குத் தெரியாமல் போயிற்று. மகளும் மெக்கானிக்கும் பார்க்கிறார்கள் என்கிற வெட்கம்கூட இல்லாமல், சமையலறை வாசலில் நின்று, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார்.

அழுகிற சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். முகம் வாடியது. பக்கத்தில் வந்து, தொடாமல், சிறிது தள்ளி நின்றாள். "ஐயா, அழாதீங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. அவர் பார்த்துக்குவார்."

மெக்கானிக் கைகழுவப் போகிறவனாகப் பின்கட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றி, பின்னாலேயே வந்த மகள் கையில் கொடுத்தான்; அவள் அதை அம்மா கைக்கு எட்டும்படி உள்ளே வைத்தாள். பல்லுக்காரர் பின்னாலேயே போனார். அவன் சாவியை நீட்டினான். வீட்டைச் சுற்றித் தெருவுக்குப் போகிற சந்து வழியாக அவர் வண்டிக்குப் போனார். முனைக்கு ஓட்டிப்போய், அங்கே சிறிது நேரம் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கிடந்தார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

கீச்சு. பொட பொட. இருமல். கதவை அவர் வேண்டுமென்றே இரண்டு தடவை சாத்தினார்.

வாசலில் செருப்பு ஜோடியாக இருந்தது. பக்கத்தில் அவள் நின்றாள்.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்து, உள்ளே இருப்பவருக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "இங்க ஒருத்தர் நின்னு அழுதுட்டு இருந்தார். வயசானவர். யாருன்னு தெரியல. எனக்கு மனசே கேக்கல. நீங்க போய் என்னன்னு கேளுங்களேன்."

அவர் சமையலறை வரைக்கும் போனார். வாசலில் அவர் வைத்த தம்ளர் அப்படியே இருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"கேட்டீங்களா? என்னவாம்?"

"அவர் பொண்டாட்டி அவரை மறந்துட்டாளாம்."

"அடப்பாவமே" என்றாள். நிஜமாகவே கலங்கிப்போனாள். "கட்டின புருஷனைப் போய் யாராவது மறப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு, அவருக்குத் தட்டு எடுத்துவைக்கப் போனாள்.